எடிட் முடிந்ததும் மறுபடி கேசட்டுக்கு

கல்யாண வீடியோவை கம்ப்யூட்டரில் எடிட் செய்து முடித்ததும் அதைத் திரும்ப ஒரு மினி டிவி கேசட்டில் (டிஜிட்டல் வீடியோ கேமராவில் போடும் சின்னக் கேசட்) ஏற்றி எடுத்துவைக்கும் பழக்கம் எங்கள் தொழிலில் சிலருக்கு இருந்தது. பலருக்கு இல்லை. "கேசட்ல இருந்ததைத்தானே கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தோம், மறுபடியும் கேசட்டுக்கா? உனக்கு வேற வேலை இல்லையா?" என்பார்கள். டிவிடி வந்து இறங்கிய நேரம் அது. கல்யாண வீட்டுக்கு டிவிடி கொடுத்தாயிற்று, பாக்கிப் பணம் வாங்கியாயிற்று, அப்புறம் என்ன?

நான் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஸ்டுடியோவில் எடிட்டராகச் சேர்ந்தபோது அங்கே இருந்தது ஒரு பென்டியம் 4 கம்ப்யூட்டர், பிரீமியர் 6.5 என்ற எடிட்டிங் சாஃப்ட்வேர், 80 ஜிபி ஹார்ட் டிஸ்க். கடலூரிலும் புதுச்சேரியிலும் முகூர்த்தத்துக்குப் போகும் கேமராமேன்கள் நேராகப் பையோடு வந்து நிற்பார்கள். எல்லோருக்கும் நான் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவருக்கும் அக்காதான். பிற்பாடு சொந்தமாகச் செய்தபோதும் கேசட்டில் ஏற்றும் பழக்கத்தை விடவில்லை. ஏன் விடவில்லை என்பதை இப்போது எழுதக் காரணம், சமீபத்தில் பிரான்சில் இருந்து வந்த ஒரு வாட்ஸப் அழைப்பு.

புதுச்சேரிக் குடும்பம். தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்தவர். 1962இல் புதுச்சேரி பிரான்சிடம் இருந்து இந்தியாவுக்குக் கைமாறியபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்கள். 2006இல் பேத்திக்குக் கல்யாணம், வீடியோ எடிட்டிங் என்னிடம். டிவிடி இரண்டு செட் கொடுத்திருந்தோம். ஒன்று இங்கே தாத்தா வீட்டில், ஒன்று அவளோடு பாரிஸ் போய்விட்டது. இப்போது இரண்டுமே ஓடவில்லையாம். டிவிடித் தட்டை போட்டோ எடுத்து அனுப்பினாள். பார்த்ததும் புரிந்துவிட்டது. மாப்பிள்ளை பெண் போட்டோவை வட்டமாக அச்சடித்து தட்டு முழுக்க ஒட்டிய ஸ்டிக்கர். அந்தக் காலத்தில் அது ஒரு கௌரவம், எல்லா ஸ்டுடியோவும் ஒட்டியது. அந்தப் பசை ஈரம் குடித்துச் சுருங்கும், தட்டை லேசாக வளைக்கும். சுழலும்போது எடை ஒரு பக்கம் இழுக்கும். எழுதக்கூடிய டிவிடியில் தகவல் நிற்பதே ஒரு சாயப் படலத்தில்தான். மட்டமான தட்டில் அந்தச் சாயம் தானாகவே வெளுத்துப்போகும். முதலில் ஓரத்துப் பக்கம் போகும். டிவிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படுவதால், ஓரம் என்றால் படத்தின் கடைசி. தாலி கட்டுவது வரை ஓடும், சாப்பாட்டுப் பந்தியில் நின்றுவிடும்.

என் பீரோவில் அவளுடைய மாஸ்டர் கேசட் மூன்றும் இருந்தன. ஓட்டினேன். முதல் ஃபிரேமில் இருந்து கடைசிக் கருப்பு வரை எங்கும் உடையவில்லை.

ஏற்றி வைத்ததற்கு முதல் காரணம் பெரிய தொலைநோக்கு எல்லாம் இல்லை, இடப் பஞ்சம். மினி டிவியில் ஒரு மணி நேரப் படம் கம்ப்யூட்டருக்குள் வந்தால் ஏறக்குறைய 13 ஜிபி. முந்தின நாள் ரிசப்ஷன், மறுநாள் முகூர்த்தம் என்று நாலைந்து கேசட் வரும். 80 ஜிபியில் ஒரு கல்யாணம் உட்கார்ந்தால் இன்னொன்றுக்கு இடம் கிடையாது. ஆவணியிலும் தையிலும் அடுத்த முகூர்த்தக் கேசட்டோடு ஆள் வாசலில் நிற்கும்போது முடிந்த கல்யாணத்தை அழித்தே ஆக வேண்டும். அழிக்கும் முன் எங்கே வைப்பது? டிவிடியா, கேசட்டா?

இந்த இடத்தில்தான் நான் பலரோடு வாதம் செய்திருக்கிறேன். டிவிடிக்குப் போகும் படம் எம்பெக் 2 ஆகச் சுருக்கப்படுகிறது. மூன்று மணி நேரக் கல்யாணம் எடிட் முடிந்து ஏறக்குறைய 39 ஜிபி இருக்கும். அதை 4.7 ஜிபி தட்டில் அடைக்கிறோம். மேடையில் எல்லோரும் சும்மா நிற்கும்போது வித்தியாசம் தெரியாது. கெட்டிமேளம் கொட்டி, நாலு பக்கமும் அட்சதை பறந்து, அதே நொடியில் ஸ்டில் கேமராக்காரர்களின் ஃபிளாஷ் அடிக்கும் பாருங்கள், அங்கே பல்லிளிக்கும். படம் சின்னச் சின்னச் சதுரங்களாக உடைந்து, மஞ்சள் அரிசி எங்கே, பெண்ணின் முகம் எங்கே என்று தெரியாது. கல்யாணத்திலேயே முக்கியமான மூன்று நொடி அதுதான்.

மினி டிவி கேசட்டில் அப்படி இல்லை. அதில் டிவி என்பது டிஜிட்டல் வீடியோ. நம் ஊர் முறையில் நொடிக்கு 25 ஃபிரேம், ஒவ்வொன்றும் 720க்கு 576 புள்ளிகள், ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனியாகச் சுருக்கப்பட்டு 1,44,000 பைட். அட்சதை பறந்தாலும் அதே அளவு, ஆள் தூங்கினாலும் அதே அளவு. முக்கியமான விஷயம், ஃபயர்வயர் கேபிள் வழியாகக் கேசட்டில் இருந்து கம்ப்யூட்டருக்கு வருவது அதே எண்கள்தான். கம்ப்யூட்டரில் இருந்து கேசட்டுக்குத் திரும்பப் போவதும் அதே எண்கள்தான். வி.ஹெச்.எஸ். காலத்தில் ஒரு காப்பிக்கு ஒரு காப்பி நிறம் கசிந்து, மூன்றாவது காப்பியில் சிவப்புப் புடவை பக்கத்தில் இருப்பவர் மேலெல்லாம் வழியும். அந்தக் கதையே இங்கே கிடையாது. டைட்டில் போட்ட இடம், ஒரு காட்சி கரைந்து இன்னொன்று வரும் இடம், நிறம் திருத்திய இடம், இவற்றை மட்டும் பிரீமியர் புதிதாகக் கணக்குப் போட்டு எழுதும். நாம் தொடாமல் வெட்டி ஒட்டிய இடமெல்லாம் கேமரா எழுதியது எழுதியபடியே திரும்பப் போகும்.

பிரான்சுக்கு அனுப்புகிறவர்களுக்கு இன்னொரு வசதியும் இருந்தது. டெலிவிஷனில் நிறம் காட்டும் முறை இங்கே பால் (PAL), அங்கே சேகாம் (SECAM). நம் வி.ஹெச்.எஸ். கேசட்டை அங்கே சேகாம் மட்டும் தெரிந்த பெட்டியில் போட்டால் கருப்பு வெள்ளையில் ஓடும். காஞ்சிபுரத்தில் தேடி எடுத்த அரக்குச் சிவப்புக் கூறைப்புடவை சாம்பல் நிறத்தில் வந்தால் யாருக்குக் கோபம் வராது? மினி டிவியில் இரண்டு நாட்டுக்கும் ஒரே எழுத்துமுறை. கேசட்டை அப்படியே அனுப்பலாம்.

சரி, ஏற்றுவது எப்படி என்றால், சொல்லுக்குச் சுலபம். கேமராவை வி.சி.ஆர். நிலைக்குத் திருப்ப வேண்டும், கேபிளைச் சொருக வேண்டும், பிரீமியரில் எக்ஸ்போர்ட் டு டேப் கொடுக்க வேண்டும். ஒரு மணி நேரப் படத்துக்கு ஒரு மணி நேரம். வேகமாக ஓட்ட முடியாது. அந்த ஒரு மணி நேரத்தில் கம்ப்யூட்டர் ஒரு நொடி மூச்சு வாங்கினாலும் ஃபிரேம் விழும், அதாவது பதியாமல் விட்டுப்போகும். விழுந்தால் முதலில் இருந்து.

கேபிளில் இருந்தே ஆரம்பிக்கிறேன். கேமரா பக்கம் நாலு ஊசி உள்ள சின்ன முனை, கம்ப்யூட்டர் பக்கம் ஆறு ஊசி உள்ள பெரிய முனை. அந்தப் பெரிய முனையில் மின்சாரமும் வரும். டேபிளுக்கு அடியில் கையை விட்டுத் தடவி, தலைகீழாக அழுத்திச் சொருகிக் கார்டைப் புகைய வைத்தவர்கள் உண்டு. கேமராவின் ஃபயர்வயர் போர்ட் போய்விட்டால் கேமராவே பாதி போன மாதிரி. அதனால் கேமராவை அணைத்து, இரண்டு முனையையும் சொருகி, பிறகுதான் ஆன் செய்வேன். ஸ்டுடியோவுக்குப் புதிதாக வரும் பையன்களுக்கு முதல் பாடம் இது.

புதுக் கேசட்டைப் பிரித்ததும் ஒரு தடவை கடைசி வரை ஓட்டித் திரும்பச் சுற்றுவேன். அப்புறம் லென்ஸ் மூடியைப் போட்டு முப்பது நொடி கருப்பு பதிவு. கேசட்டின் ஆரம்பப் பகுதிதான் அதிகம் இழுபடுவது, அதிகம் கசங்குவது. பிள்ளையார் படமும் மாப்பிள்ளை பெண் பெயரும் அங்கே விழக்கூடாது. டைம்லைனிலும், அதாவது பிரீமியரில் காட்சிகளை வரிசையாக அடுக்கும் பட்டையிலும், முன்னும் பின்னும் கொஞ்சம் கருப்பு விட வேண்டும். கம்ப்யூட்டர் அனுப்ப ஆரம்பித்த பிறகுதான் கேமரா, டேப்பில் எழுதும் தலையை ஓட்டிப் பதிவுக்கு வரும். கருப்பு விடாவிட்டால் 'ஸ்ரீ' போய்விட்டு 'ராமஜெயம்' மட்டும் பதிவாகும்.

ஒலியில் ஒரு கண்ணி உண்டு. வீட்டுக் கேமராக்கள் பல, கடையில் இருந்து வரும்போதே 12 பிட், 32 கிலோ ஹெர்ட்ஸ் நிலையில் இருக்கும். நம் டைம்லைன் 16 பிட், 48 கிலோ ஹெர்ட்ஸ். இரண்டையும் கவனிக்காமல் கலந்தால் நாதஸ்வரக்காரர் வாயை எடுத்த பிறகும் நாதஸ்வரம் கேட்கும். கேமராமேன்களிடம் கல்யாணத்துக்குப் போகும் முன்பே சொல்லிவிடுவேன், "தம்பி, ஆடியோ பதினாறுல வெச்சியா?" என்று.

இன்னொன்று ஃபீல்டு வரிசை. ஒரு ஃபிரேம் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என்று இரண்டு பாதியாக ஓடும். மினி டிவியில் கீழ்ப் பாதிதான் முதலில். வேறு சாஃப்ட்வேரில் செய்த கிராபிக்ஸ் மேல்பாதி முதலில் என்று வந்தால், கம்ப்யூட்டர் மானிட்டரில் ஒன்றும் தெரியாது. வீட்டு டெலிவிஷனில் போட்டால் மாலை மாற்றும் கை வாத நோய் வந்தது போல நடுங்கும். அதனால்தான் ஏற்றும்போது கேமராவின் ஏ.வி. வயரை ஒரு பழைய 21 இன்ச் பெட்டியில் சொருகி அதில் பார்ப்பேன். மானிட்டரை நம்பவே மாட்டேன்.

ஃபிரேம் விழுவதற்குக் காரணம் தேடித் தேடியே எனக்குக் கம்ப்யூட்டர் தெரிந்தது என்று சொல்லலாம். ஸ்கிரீன் சேவர், ஆன்ட்டி வைரஸ் இவை எல்லோருக்கும் தெரியும். தெரியாத வில்லன் ஒன்று விண்டோஸ் எக்ஸ்பியில் இருந்தது. ஹார்ட் டிஸ்க்கைப் படிக்கும்போது ஆறு தடவை பிழை வந்தால், எக்ஸ்பி யாரிடமும் சொல்லாமல் அந்த டிஸ்க்கை வேகமான டி.எம்.ஏ. முறையில் இருந்து அரதப் பழைய பி.ஐ.ஓ. முறைக்கு இறக்கிவிடும். அதுவரை வெண்ணெயாக ஓடிய மெஷின் திடீரென்று மாட்டு வண்டி ஆகும். ராம் போட்டுப் பார்ப்பார்கள், ஃபார்மட் அடிப்பார்கள். டிவைஸ் மேனேஜரில் அந்த ஐ.டி.இ. சேனலை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் போதும், தானாக டி.எம்.ஏ.வுக்கு வந்துவிடும். சந்தேகப்படும்படி இருக்கும் டேட்டா கேபிளையும் மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி இறங்கும். டிஸ்க் ஃபேட் 32 முறையில் இருந்தால் இன்னொரு தொல்லை, ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது. மினி டிவி கணக்கில் அது 19 நிமிடத்துக்குக் கொஞ்சம் முன்பின். எத்தனை பேர் 19ஆவது நிமிடத்தில் கேப்சர் (கேசட்டில் இருந்து கம்ப்யூட்டருக்கு எடுப்பது) நின்றுவிட்டது என்று கேமராவைச் சர்வீஸுக்குக் கொடுத்திருக்கிறார்கள் தெரியுமா?

மின்வெட்டு பற்றித் தனியாக எழுதினால் புலம்பலாகிவிடும். பக்கத்தில் நெய்வேலியில் கரி வெட்டி கரண்ட் எடுக்கிறார்கள், நாங்கள் யு.பி.எஸ். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக்கொண்டிருந்தோம். அவ்வளவுதான்.

அந்த ஒரு மணி நேரம் சும்மா உட்கார வேண்டுமே என்று அலுத்துக்கொள்வார்கள். நான் அலுத்துக்கொண்டதில்லை. எடிட் செய்யும்போது நாம் படத்தைப் பார்ப்பதே இல்லை. துண்டு துண்டாகத்தான் பார்க்கிறோம். கேசட்டில் ஏறும்போதுதான் மவுசைத் தொட முடியாமல், நிறுத்த முடியாமல், வீட்டுக்காரர்கள் பார்க்கப்போகும் மாதிரியே முழுசாகப் பார்க்கிறோம். சீர் வரிசைத் தட்டு இரண்டு தடவை படியேறுவது, தாய்மாமன் பெயரில் 'ண'வுக்கு 'ன' விழுந்திருப்பது, பெண்ணின் அப்பா ஒரு மூலையில் திரும்பி நின்று கண் துடைப்பது நான் போட்ட பூ கிராபிக்ஸுக்குப் பின்னால் மறைவது, எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். அந்தப் பூவை நிறையக் கல்யாணங்களில் எடுத்திருக்கிறேன். எடுத்தபின் மறுபடி ஏற்ற வேண்டும், சரி, ஏற்றினால் போகிறது.

"அக்கா, முடிஞ்சுதா?" என்று போன் வரும்.

"ஏறிட்டிருக்குப்பா. இப்பத்தான் ஊஞ்சல்."

புதுச்சேரியில் இருந்து வந்த ஒருவரின் கதையைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. பாரிஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். தெருவில் எல்லோரும் முசியே என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே வாங்கிய நல்ல மினி டிவி கேமரா வைத்திருந்தார். வில்லியனூர்த் தேர், வீராம்பட்டினம் தேர், பேரன் பேத்தி எல்லாம் எடுத்து, தானே எடிட் செய்யக் கற்றுக்கொண்டார். கேப்சர் அருமையாக வருகிறது. திரும்ப ஏற்றப் பார்த்தால் கேமரா அசையவே மாட்டேன் என்கிறது. கேபிள் மாற்றினார், கார்டு மாற்றினார், கடைசியில் எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

என் மெஷினிலும் அதே கதை. சாதாரணமாகக் கம்ப்யூட்டர் அனுப்ப ஆரம்பித்தால் கேமராத் திரையில் 'டிவி இன்' என்று எழுத்து வரும். இவர் கேமராவில் வரவே இல்லை. போர்ட்டைச் சுற்றி இருந்த எழுத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். 'டிவி அவுட்' என்று மட்டும் போட்டிருந்தது. அதே கம்பெனியின் அதே மாதிரி கேமரா, சிங்கப்பூரில் இருந்து வந்தது, எங்களிடம் பழகும் கேமராமேன் ஒருவரிடம் இருந்தது. அதில் 'இன்', 'அவுட்' இரண்டும்.

விஷயம் சுங்க வரியில் இருந்தது. ஐரோப்பாவில், வெளியில் இருந்து வரும் படத்தைப் பதிவு செய்யக்கூடிய கேமரா என்றால் அதை வீடியோ ரெக்கார்டர் வகையில் சேர்த்து அதிக வரி போட்டார்கள். வெறும் கேமரா என்றால் வரி குறைவு. அதனால் பல கம்பெனிகள் ஐரோப்பாவுக்கு அனுப்பும் வீட்டுக் கேமராக்களில் உள்ளே வரும் வழியை மட்டும் மென்பொருளில் அடைத்துவிட்டன. உள்ளே இருக்கும் சாமான்கள் எல்லாம் ஒன்றுதான். அடைப்பை எடுத்துவிடும் கருவிகளை அங்கே சிலர் விற்கவும் செய்தார்கள்.

அவருக்கு விளக்கிச் சொன்னதும் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. "காசு கொடுத்து வாங்கினது நானு, வரி மிச்சம் அவனுக்கு, ஏத்தறதுக்கு மட்டும் கடலூர் வரணுமா?" என்றார். அப்புறம் எங்கள் பிடி 170 கேமராவில் ஏற்றிக் கொடுத்தோம். அதில் டிவிகேம் என்ற இன்னொரு முறையிலும் பதியலாம். தடம் அகலமாக விழும், அதனால் 60 நிமிடக் கேசட்டில் 40 நிமிடம்தான் பிடிக்கும். அவர் கேமராவில் போட்டுப் பார்க்க வேண்டுமே என்பதால் சாதாரண மினி டிவி முறையிலேயே போட்டேன். மாதம் ஒரு தடவை பஸ் ஏறி வருவார். வரும்போது பாகெத் ரொட்டி வாங்கி வருவார். நாங்கள் அதைக் குழம்பில் தொட்டுச் சாப்பிடுவோம், அவர் பார்க்கச் சகிக்காமல் வெளியே போய் நிற்பார்.

கேசட் அழியாத வஸ்து என்று நான் சொல்லவில்லை. கடலோர ஊரில் உப்புக் காற்றும் ஈரமும் எதையும் விடாது. 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு இங்கே பல இடங்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை, சுவரெல்லாம் ஈரம். அதற்கப்புறம் வீடுகளில் இருந்து வந்த கேசட்டுகளில் பூஞ்சை பார்த்திருக்கிறேன். கேசட்டின் சின்னக் கண்ணாடி வழியாகச் சுருளின் ஓரத்தைப் பார்த்தால் மெல்லிய வெள்ளைப் பொடி மாதிரித் தெரியும். அப்படித் தெரிந்தால் கேமராவுக்குள் போடவே கூடாது. டேப்பின் அகலம் 6.35 மில்லிமீட்டர், அதில் ஒரு தடத்தின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. அதன் மேல் தலை நிமிடத்துக்கு 9000 சுற்று சுற்றுகிறது. பூஞ்சை அந்தத் தலையில் ஒட்டிக்கொண்டால் அடுத்துப் போடும் நல்ல கேசட்டும் கெடும். என் கேசட்டுகள் இரும்பு பீரோவில் மேல் தட்டில், முழுக்கச் சுற்றி, பெட்டியோடு நிமிர்த்தி வைத்தபடி, நடுநடுவே சிலிக்கா ஜெல் பொட்டலம். பதிவுத் தடுப்புப் பொத்தான் எல்லாவற்றிலும் 'சேவ்' பக்கம் தள்ளியிருக்கும். அதைத் தள்ளாத மாஸ்டர் கேசட் மேல் அடுத்த வாரமே காதுகுத்து பதிவான கதையெல்லாம் நிறைய ஸ்டுடியோக்களில் உண்டு.

இப்போது பெரிய சிக்கல் கேசட் இல்லை, அதைப் படிக்கும் வழி. புதுக் கம்ப்யூட்டர்களில் ஃபயர்வயர் ஓட்டையே கிடையாது. விண்டோஸில் ஃபயர்வயருக்கான பழைய 1394 லெகஸி டிரைவரைத் தேடிப் போட வேண்டும். ஆப்பிள் 2025இல் விட்ட மேக் ஓ.எஸ். டஹோவில் ஃபயர்வயரையே கழற்றிவிட்டது. லினக்ஸில் மட்டும் 2029 வரை பார்த்துக்கொள்வதாக அதைப் பராமரிப்பவர் சொல்லியிருக்கிறார். அதனால் நான் இப்போது ஒரு பழைய மெஷினில் லினக்ஸ் போட்டு, டிவிகிராப் என்ற இலவச நிரலில்தான் எடுக்கிறேன். பாரிஸ் பெண்ணின் மூன்று கேசட்டையும் அப்படித்தான் எடுத்து அனுப்பினேன்.

வீட்டில் மினி டிவி கேசட் இருப்பவர்கள், சுருக்கிய எம்.பி.4 மட்டும் வாங்கிக்கொண்டு திருப்தி ஆகாதீர்கள். எடுத்துக் கொடுப்பவரிடம் மூல டிவி ஃபைலையும் கேளுங்கள். மணிக்கு 13 ஜிபி என்பது அன்றைக்கு மலை, இன்றைக்கு ஒரு பென் டிரைவில் நாலு மணி நேரம் போகும். கேமரா இருந்தால் அதையும் கூடவே கொண்டுபோங்கள். முக்கியமாக எல்.பி. முறையில் பதிந்த கேசட் என்றால். 60 நிமிடக் கேசட்டில் 90 நிமிடம் வேண்டும் என்று அந்த முறையில் போட்டவர்கள் நிறைய. அதில் தடம் இன்னும் ஒல்லி. பதிந்த கேமராவில் ஓடும், பக்கத்து வீட்டுக் கேமராவில் கோடு கோடாக வரும். அந்தக் கேமராவில் லென்ஸ் உடைந்திருந்தாலும் பரவாயில்லை, கேசட் சுற்றினால் போதும்.